சும்மா கூப்பிட்டேனுங்க

ஆகஸ்ட் 5, சனி

கூட்டுறவு பாங்கில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக பீரோ மேல் கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்தேன். மத்தியானம் மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசியதுதான் காரணம்.

சிறுதொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டம். அவிநாசி ரோட்டு ஓட்டலில் நடந்தது. "விசிட்டிங் கார்டு வாங்கினா மட்டும் பத்தாதுங்க, தொடர்புல இருக்கணும். தினமும் உங்க பேரு அவங்க கண்ணுல படணும். யாரைப் பார்த்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க" என்றார் அவர். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது கை தட்டுகிற சமாசாரம் இல்லை. என் அட்டைப்பெட்டி ஷெட்டுக்கு முக்கால்வாசி வேலை கொடுத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனி தையலையெல்லாம் வடக்கே கொண்டுபோய்விட்டது. தீபாவளிக்குள் அந்த அளவுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். பதினாலு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள்.

அதனால் ஓடி ஓடிக் கார்டு வாங்கினேன். சட்டைப் பை உப்பிவிட்டது. பந்தியில் உட்காரக்கூட நேரமில்லை, தயிர்சாதத்தை நின்றபடியே விழுங்கினேன்.

என் சகலை லோகநாதனும் வந்திருந்தான். என் மனைவி சாந்தாமணியின் தங்கை மேகலாவைக் கட்டியவன். தையல் மெஷின் ஊசி, பாபின் விற்கிற கடை வைத்திருக்கிறான். கூட்டம் முழுக்க அவன் செய்த ஒரே வேலை, ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான். சாம்பார், ரசம், பாயசம், வெற்றிலை வரைக்கும் பேச்சு. விசாரித்தால், அவிநாசிப் பக்கம் புதிதாக வரப்போகும் குழந்தைத் துணி கம்பெனியின் பர்சேஸ் மேனேஜராம். பேர் பிரமிளா. கூட்டத்தில் பாதிப் பேர் தேடிக்கொண்டிருந்ததே அந்த அம்மாவைத்தான். நானும் போய்க் கார்டு நீட்டினேன். "நன்றிங்க" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் லோகுவிடம் கேட்டேன். "என்னப்பா அத்தன நேரம் பேசுன?"

"அவங்கப்பாவுக்கு முட்டி ஆபரேஷனாமாங்ணா. எங்கய்யனுக்குப் பண்ணுனத சொல்லீட்டிருந்தேன்."

"ஊசி ஆர்டர் கேட்டியா?"

"சோறு திங்கறப்ப எப்படிங்ணா கேக்கறது?"

எப்பேர்ப்பட்ட நடிப்பு! எனக்கு வயிறு எரிந்தது. என் டைரிதானே, எழுதலாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கார்டுகளை மேசையில் பரப்பி எல்லா நம்பரையும் போனில் ஏற்றினேன். சாந்தா கோழிக் குழம்பு வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒரே தட்டில் அத்தனை பேருக்கும் மெசேஜ் போகிற மாதிரி பக்கத்து வீட்டுப் பையன் செய்து கொடுத்தான். ரோஜாப்பூ, சூரியன், கீழே 'உழைப்பே உயர்வு', அதற்கும் கீழே என் பேர், குழந்தைவேல், அட்டைப்பெட்டிகள். நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் வணக்கம் போகும்.

லோகு எத்தனை கார்டு வாங்கினான் என்று மேகலாவிடம் கேட்கச் சொன்னேன். நாலாம். நாலே நாலு! குழம்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 9, புதன்

மூன்று பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் கும்பிடு. ஒருவர் 'யாருங்க இது?' என்று கேட்டார். என் கார்டின் போட்டோவை அனுப்பினேன். பதில் இல்லை.

பிரமிளா மேடம் பார்த்திருக்கிறார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்தால் போதும், பேர் கண்ணில் பட்டிருக்கும்.

ராத்திரி சாப்பிடும்போது சாந்தா சொன்னாள்: "லோகு போன் போட்டு அந்த அம்மாவோட அப்பாவுக்கு ஆபரேஷன் எப்படி ஆச்சுன்னு கேட்டாராமா. ரொம்ப சந்தோசப்பட்டாங்களாமா."

"ஐஸ் வெக்கிறான்" என்றேன்.

"நலம் விசாரிச்சா ஐஸுங்களா?" என்றாள். எனக்குச் சாதம் போதும் என்று எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

தேசியக் கொடி, வெள்ளைப் புறா, என் பேர். எல்லாருக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காங்கயத்தில் மாமனார் வீட்டில் விருந்து. இரண்டு மருமகன்களுக்கும் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி கறி. ஆனால் மாமனார் பேச்சு ஒரு பக்கமாகவே சாய்கிறது. "லோகு மாப்பிள்ளைக்கு ஊரு பூராப் பழக்கம்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார். எனக்குப் பழக்கமில்லையா? தினமும் எண்பது பேருக்குக் காலை வணக்கம் சொல்கிறேன். அது கணக்கில் வராதா?

சாப்பிட்டு முடித்ததும் லோகு வேப்பமரத்தடியில் நின்று போன் பேசினான். நான் கை கழுவுகிற சாக்கில் குழாய்ப் பக்கம் நின்றேன். "ஒண்ணுமில்லீங்க, சும்மா கூப்பிட்டேனுங்க. உங்க பையனுக்கு காலேஜ் கெடச்சுதுங்களா? ...அப்படீங்களா, நல்லதுங்க." முடிந்தது. அடுத்த ஆளுக்கு அடித்தான். அதற்கும் அதே கதைதான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காசு கொடுத்து ரீசார்ஜ் செய்து, இப்படி ஒருவன் பேசுவானா?

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தான். "ஏனுங்ணா, புதன்கிழமை பிரமிளா மேடத்தப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்களே. பெட்டி வெசயம் பேசி வெச்சா நல்லதுதானுங்க."

அவன் பின்னால் நான் போய் நிற்பதாம். அவன் "இவருதானுங்க" என்று காட்டுவானாம், நான் கும்பிடுவேனாம். நான் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவன். புதன்கிழமை லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏற்றுவதற்கு லோடு இல்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

செப்டம்பர் 2, சனி

நானே நேராகப் போனேன். யார் தயவும் வேண்டாம். குழந்தைத் துணிக்கு ஏற்ற மாதிரி சின்னப் பெட்டி மூன்று சேம்பிள் செய்து எடுத்துக்கொண்டேன். வாசலில் செக்யூரிட்டி ரொம்ப நேரம் உட்கார வைத்தான். கட்டடத்துக்கு இன்னும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் மரியாதையாகத்தான் பேசினார். "தெனமும் காலைல பூப்படம் அனுப்பறது நீங்கதானுங்களா?" என்று சிரித்தார். ஆமாங்க என்றேன். பாருங்கள், ஞாபகம் இருக்கிறது! கோட்டுக்காரர் சொன்னது பலித்துவிட்டது.

பெட்டியைத் தட்டிப் பார்த்தார், முனையை அழுத்திப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க. ஆனா பெட்டி கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர்கிட்டப் பேசியாச்சு. அவரு சரியில்லைன்னா பாக்கலாம். தீபாவளிக்கு முன்னாடி மொதல் கன்டெய்னர் போகுது." பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க நம்ம லோகு அண்ணனுக்குச் சகலைங்களா? அவரு சொன்னாப்பல ஞாபகம்."

நம்ம லோகு அண்ணன்! மூன்று பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவன் நான். எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ, "தூரத்துச் சொந்தமுங்க" என்றேன்.

"ஓ" என்றார்.

ஒரு விதத்தில் சரிதான். என் திறமையில் நான் நிற்க வேண்டும். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் படம் அனுப்பினேன். பதினோரு கும்பிடு திரும்பி வந்தது. இதுதான் இதுவரைக்கும் அதிகம். ஷெட்டில் பசை காய்ச்சுகிற வேலை மட்டும் நடந்தது. கொழுக்கட்டை நாலு சாப்பிட்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

அவன் வழியையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சும்மா கூப்பிடுவது அப்படி என்ன பெரிய வித்தை? கார்டுகளைக் கலைத்துப் போட்டுக் கைக்கு வந்ததை எடுத்தேன்.

முதல் ஆள் சாயப்பட்டறைக்காரர். "வணக்கமுங்க, குழந்தைவேல் பேசறேன். சும்மா கூப்பிட்டேனுங்க" என்றேன்.

"சும்மான்னா?"

"சும்மாதானுங்க."

"இன்சூரன்ஸுங்களா?"

"இல்லீங்க."

"சீட்டுக்கு ஆள் சேக்கறீங்களா?" என்றார். இல்லை என்று நான் சொல்லி முடிக்கும் முன்னால் வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் பட்டன் வியாபாரி. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன். "எங்க வீட்டுல யாரைத் தெரியும் உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். யாரையும் தெரியாது. மூன்றாவது ஆள் நல்லவர். நான் யார் என்று கேட்காமலே அரை மணி நேரம் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சாந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "லோகு அப்படிப் பண்றாருன்னு நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். யானையைப் பார்த்து முயல் முக்கின கதை என்று அவள் வாய்க்குள் முனகியது என் காதில் விழாமல் இல்லை. அவன் யானையாம், நான் முயலாம்!

அக்டோபர் 11, புதன்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாமல் விட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் பிரமிளா மேடத்துக்குப் போன் செய்தேன். ஆர்டர் பேச்சை எடுக்கவே கூடாது என்று மனசில் உறுதி செய்துகொண்டேன். வேண்டிய விஷயம் கைவசம் இருந்தது, முட்டி. "மேடம், சும்மா கூப்பிட்டேனுங்க. அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்குதுங்க? நடக்கறாருங்களா?" என்றேன். குரலில் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று வேறு சொன்னேன்.

"அப்பா தவறிட்டாருங்க. போன வாரந்தான் காரியம் முடிஞ்சுது."

என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஏதோ உளறினேன். "பரவால்லீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். துக்கத்தில் இருக்கிறவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். போனை வைத்துவிட்டு நான் அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். அவர் அப்பா போன நாளன்று காலையில் நான் அனுப்பியது குழந்தை சிரிக்கிற படம். 'இந்த நாள் இனிய நாள்.'

வீட்டுக்கு வந்து சாந்தாவிடம் எகிறினேன். "லோகுவுக்குத் தெரிஞ்சிருக்குமல்ல? எனக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் அவமானப்படோணும்னே இருக்கறான்."

அவள் கத்தவில்லை. "அவரு அன்னைக்கே மேகலாகிட்டச் சொல்லி, மேகலா எங்கிட்டச் சொல்லி, நான் உங்ககிட்டச் சொன்னேன். அண்ணனும் வந்தா ரெண்டு பேருமாப் போயி எழவு கேட்டுட்டு வந்தர்லாம்னு சொல்லியுட்டாரு. நீங்க போனுல பூப்படம் தேடீட்டு, ம்ம்னு சொன்னீங்க."

நான் ம்ம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

அக்டோபர் 12, வியாழன்

துக்கம் விசாரிக்கப் போகலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டேன். லோகு அங்கே உட்கார்ந்திருந்தால்? அந்த வீட்டு ஆள் மாதிரி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டால்? கழற்றிவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை கொடுத்தேன். பெட்டிக்குப் பசை ஒட்டுகிற பாப்பாத்தி அம்மா, "தீவாளிக்கு அப்பறம் வேல இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டார். இருக்குது என்றேன். வேறு என்ன சொல்வது?

லோகு சுண்டலும் கையுமாக வந்து நின்றான். சாமி கும்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "பிரமிளா மேடம் உங்களத் தூரத்துச் சொந்தம்னு நெனச்சிருக்காங்ணா. இல்லீங்க, எனக்குக் கூடப்பொறந்த அண்ணனாட்டம்னு சொன்னேன். பெட்டி விசயத்துல அவரு கை சுத்தம்னும் சொல்லி வெச்சிருக்கறேன்."

அவன் முகத்தில் ஏதாவது கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேடம் அப்படி நினைத்தே இருக்க மாட்டார் என்றேன். "அப்படியும் இருக்குமுங்ணா" என்றான். அவன் உடனே ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பிரமிளா மேடத்தின் கம்பெனிக்கு மொத்த ஊசியும் பாபினும் லோகு கடையிலிருந்துதானாம். வருஷம் பூராவுக்கும் பேசியாகிவிட்டதாம். அவன் கேட்கக்கூட இல்லையாம், அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். மேகலா சொல்லி, சாந்தா வந்து சொல்கிறாள், கண்ணெல்லாம் சிரிப்பு. தங்கை புருஷனுக்கு ஆர்டர் கிடைத்தால் இவளுக்கு என்ன அத்தனை சந்தோஷம்? "நம்ம வீட்டுக்கும் நல்லதுதானுங்க, அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வேனே தவிர அவனிடம் கேட்க மாட்டேன் என்றேன்.

எரிகிறது. வேறு வார்த்தை இல்லை. கார்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டு போனவனுக்கு வீடு தேடி வருகிறது.

நவம்பர் 2, வியாழன்

மழை. ஷெட்டில் வேலை இல்லாததால் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து தீபாவளி வாழ்த்துக்குப் படம் தேடினேன். மத்தாப்பூ பிடிக்கிற குழந்தைகள் படம் ஒன்று நன்றாக இருந்தது. குழந்தைத் துணி கம்பெனிக்குப் பொருத்தம்.

லோகு கூப்பிட்டான். கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டான். ஊசி ஆர்டர் கிடைத்ததை அவன் வாயாலேயே சொல்ல வேண்டுமாக்கும். மூன்றாவது தடவை அடித்தபோது, 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று மெசேஜ் போட்டேன். எனக்கும் மீட்டிங் இருக்கும் என்று தெரியட்டும். பதிலுக்கு அவன் ஏதோ அனுப்பினான், படிக்காமலே அழித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சாந்தா கூப்பிட்டாள். அவன்தான் தூண்டிவிட்டிருப்பான் என்று அதையும் கட் செய்தேன். இரண்டு தடவை. வடை ஆறிப்போய்விட்டது, வேறு வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

சாந்தா பேசவில்லை. இட்லி வைத்தாள், சட்னி வைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. என்னவென்று நானும் கேட்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

காங்கயத்தில் தீபாவளிச் சீர் கொடுக்க மாமனார் கூப்பிட்டிருந்தார். நானும் சாந்தாவும் டூவீலரில் போனோம். லோகு புதுக் காரில் மேகலாவோடு வந்திருந்தான்.

இலையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. மாமனார்தான் ஆரம்பித்தார். "என்ன மாப்பிள்ள, வீடு தேடி வந்த சீதேவிய உட்டுப்போட்டீங்களாமா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வியாழக்கிழமை மழையில் அந்தக் கோயமுத்தூர்க்காரர் குடோனுக்குள் தண்ணீர் புகுந்து, பிரமிளா மேடத்துக்குப் போக வேண்டிய பெட்டியெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. கன்டெய்னர் இரண்டே நாளில் கிளம்ப வேண்டும். அந்த அம்மா முதலில் கூப்பிட்டது லோகுவைத்தான். "உங்கண்ணன் சேம்பிள் காட்டினாரே, நல்லாத்தான் இருந்துது. மூணு மணிக்குள்ள இங்க வரச் சொல்லுங்க. இந்த லோடக் காப்பாத்திக் குடுத்தா வருசத்துக்கும் அவருக்கே குடுத்தர்றேன்" என்றாராம். லோகு சரக்கு எடுக்கப் பெங்களூர் போயிருந்தான். அங்கிருந்து எனக்கு அடித்தான். பிறகு சாந்தாவுக்கு அடித்தான். சாந்தா எனக்கு அடித்தாள். கடைசியில் கரூர்க்காரர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டே போய் நின்றாராம். வருஷ ஆர்டர் அவருக்குப் போய்விட்டது.

சாந்தா எதிர்ப் பந்தியில் மேகலா பக்கத்தில் உட்கார்ந்து, இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தன வாட்டி கூப்பிட்டும் ஒரு மனுசன் போனெடுக்காம இருப்பானா? அப்படி என்ன சோலி?" என்றார் மாமனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் லோகு சொல்லிவிட்டான். "அண்ணன் ஷெட்டுக்குள்ள டவர் கெடைக்காதுங்க மாமா. கூரை நெளிவுத் தகரம். மெஷின் சத்தம் வேற. நான் எத்தனையோ வாட்டி கூப்பிட்டுப் பாத்திருக்கறேன், கேக்கவே கேக்காது."

'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று நான் போட்டது அவன் போனில்தான் இருக்கிறது. மெஷின் ஓடி ஒரு வாரமாகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டு, ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மாமனார் அதை நம்பி, "தகரத்த மாத்துங்க மாப்பிள்ள" என்றார். சரிங்க மாமா என்றேன். எந்தத் தகரத்தை மாற்றுவது? தை பிறந்ததும் காலி செய்துவிடுகிறேன் என்று ஷெட் ஓனரிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும். பாப்பாத்தியம்மாவிடமும் சொல்ல வேண்டும்.

அவன் மட்டும் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால், அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். எனக்கு அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். நல்லவன் என்கிற பேரையும் அவனே வாங்கிக்கொண்டான். இப்போது சொல்கிறேன், ஆர்டர் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சாந்தா வந்து சீர் பையை மட்டும் வண்டியில் மாட்டிவிட்டு, லோகுவின் காரில் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. மழைக்காற்று பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். அதனால்தான் காரில் போனாள்.